இன்ஜின் உட்கார்ந்துவிட்டது, பிரேக் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் வைப்பதைப் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். ஆசையாகத்தான் படித்தேன். ஆனால் அதில் "இன்ஜினை இறக்கி மவுண்டிங்கில் உட்காரவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது" என்று ஒரு வரி வருகிறதே, அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பாதிக் கிணறு தாண்டியவன் எங்கே விழுவான் என்று எல்லாருக்கும் தெரியும். நான் விழுந்தவன், அதனால் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது டொயோட்டா லேண்ட் க்ரூஸர், எஃப்ஜே45, பின்னால் தொட்டி வைத்த வண்டி. 3.9 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். அதை எடுத்துவிட்டு அதே கம்பெனியின் 3பி என்ற 3.4 லிட்டர், நாலு சிலிண்டர் டீசலைப் போட்டேன். 1970-களிலேயே டொயோட்டா இதே 40 வரிசையில் டீசலும் போட்டு விற்றது, அதனால் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போடுவது மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். இன்ஜின் உள்ளே உட்கார ஒன்பது நாள் ஆனது. வண்டி ஒழுங்காக ஓட அதற்கப்புறம் இரண்டு வருடம்.

நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் இன்ஜின் ஓடியது, கைதட்டினோம், வண்டியை வெளியே எடுத்தேன். டேஷ்போர்டில் ஃபோர் வீல் போடும் குமிழை இழுத்துப் பார்த்தால் முன் சக்கரங்களுக்கு விசை போகவில்லை. பல வருடம் சும்மா நின்ற வண்டி, ஏதாவது பிடித்திருக்கும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்து லேசான இறக்கம். பிரேக்கில் கால் வைத்தேன். கல்லை மிதித்தது போல இருந்தது. இரண்டு காலையும் வைத்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சீட்டிலிருந்து எழும்பி மிதித்தும் வண்டி நிதானமாக, அவசரமே இல்லாமல், போய் ஒரு மணல் குவியலில் ஏறி நின்றது. அங்கே மணல் இருந்தது என் அதிர்ஷ்டம்.

காரணம் எளிது. பெட்ரோல் இன்ஜினில் காற்று உள்ளே போகும் வழியில் த்ராட்டில் என்ற கதவு இருக்கிறது. கால் எடுத்ததும் அது மூடிக்கொள்ளும், இன்ஜின் காற்றை உறிஞ்சப் பார்க்கும், அந்த இடத்தில் வேக்குவம், அதாவது வெற்றிடம் போன்ற உறிஞ்சல், உண்டாகும். இன்ஜின் சும்மா ஓடும்போது வேக்குவத்தை அளக்கும் கணக்கில் அது 18 முதல் 20 அங்குலப் பாதரசம் வரை இருக்கும். நம் கால் மிதிப்பதைப் பலமாக்கிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டர் அதில்தான் வேலை செய்கிறது. என் வண்டியில் ஃபோர் வீல் போடுவதும் அதே வேக்குவத்தில்தான். டீசலில் பொதுவாக அந்தக் கதவு கிடையாது. காற்று தாராளமாகப் போகும், எவ்வளவு டீசல் அடிப்பது என்பதை மட்டும் டீசல் பம்ப் முடிவு செய்யும். ஆகவே வேக்குவத்துக்குத் தனி பம்ப் வேண்டும். 3பி-யில் அந்த பம்ப் டைனமோவின் பின்பக்கமே ஒட்டிக்கொண்டு வரும், அதற்கு இன்ஜினிலிருந்து ஆயில் குழாய் ஒன்று போகும். எனக்கு விற்றவர் நல்ல டைனமோவைக் கழற்றி வைத்துக்கொண்டு, பம்ப் இல்லாத சாதாரண டைனமோவை மாட்டிக் கொடுத்திருந்தார். ஆயில் குழாய் வர வேண்டிய வாயில் ஒரு போல்ட்டைப் போட்டு அடைத்திருந்தது. அந்த போல்ட்டை நான் பார்த்தேன், துடைத்து பெயின்ட்கூட அடித்தேன். எதற்கு இது என்று ஒரு கேள்வி வரவில்லை பாருங்கள். குமிழும் வேலை செய்யவில்லை, போல்ட்டும் கண்ணெதிரே இருந்தது, இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் புத்தி மணலில் ஏறிய பிறகுதான் வந்தது.

இதை உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. புதிதாகச் செய்கிறவர்களுக்கு ஒரு சோதனை உண்டு, காசு செலவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு பிரேக்கை ஐந்தாறு தடவை மிதியுங்கள், பெடல் கெட்டியாகிவிடும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலடியில் கொஞ்சம் இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவில்லையா, வண்டி அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

பெட்ரோல் இன்ஜின் யாருக்கும் தெரியாமல் இப்படி எத்தனையோ வேலை செய்துகொண்டிருக்கிறது. சாவியை எடுத்தால் வண்டி நிற்கும் என்பதும் அதில் ஒன்று. டீசலில் ஸ்பார்க் ஏது, நிறுத்துவதற்கு? டீசல் வருவதை அடைத்தால்தான் நிற்கும். முதல் நாள் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன், இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. டீசல் பம்ப்பில் இருக்கும் லிவரைக் கையால் தள்ளி நிறுத்த வேண்டியதாகிவிட்டது. பிறகு அதற்கு ஒரு கேபிள் போட்டு உள்ளே இழுத்துக்கொண்டேன். டர்போ, அதாவது காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் விசிறி, உள்ள இன்ஜின் வைக்கிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். டர்போவின் சீல் போய்விட்டால் இன்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு தறிகெட்டு ஓடும், டீசலை அடைத்தாலும் நிற்காது. காற்று போகும் வாயை ஒரு பலகையால் அடைக்க வேண்டும். கையால் அல்ல.

கரண்ட் விஷயம் வேறு. என் வண்டி 12 வோல்ட். வந்த இன்ஜினின் செல்ஃப் மோட்டாரும், ஸ்டார்ட் செய்வதற்கு முன் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளும் 24 வோல்ட். சில நாடுகளுக்கு அந்தக் காலத்தில் அப்படித்தான் அனுப்பினார்கள். 12 வோல்ட் கொடுத்தால் செல்ஃப் முனகும், அவ்வளவுதான். பெட்ரோல் இன்ஜினின் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் விகிதம், 8-க்கு 1 ஒட்டி இருக்கும், இந்த டீசலில் 20-க்கு 1 ஒட்டி. அதைச் சுற்ற எவ்வளவு பலம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 12 வோல்ட் செல்ஃப் தேடி, பிளக்குகளை மாற்றி, பேட்டரி கேபிளைத் தடியாகப் போட்டு, அதற்கே ஒரு மழைக்காலம் போனது.

டேங்க்கையும் சொல்லிவிடுகிறேன். கார்ப்பரேட்டருக்குப் போன குழாய் ஒன்றே ஒன்று. டீசலில் பம்ப்பிலிருந்தும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலிலிருந்தும் மிச்சம் டேங்க்குக்குத் திரும்பி வர வேண்டும், அதற்கு இன்னொரு வாய் வேண்டும். அதற்காகப் பழைய பெட்ரோல் டேங்க்கில் வெல்டிங் வைக்கப் போகாதீர்கள். நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் பயங்கரம், உள்ளே நிற்பது ஆவி. நான் கேஜ் மிதவை உட்காரும் மூடியைத் தனியாகக் கழற்றி வந்து அதில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தேன். அப்புறம் நாசில் பக்கம் ஒழுகுகிறதா என்று விரலை வைத்துப் பார்க்கும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம். ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள், போதும்.

இன்ஜினை எங்கே உட்காரவைப்பது என்பதற்கு என் பதில், விசையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்து அனுப்பும் பெட்டியான டிரான்ஸ்பர் கேஸை அசைக்காதே என்பதுதான். சாதா வண்டியில் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒன்று. இதில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. இரண்டு அங்குலம் நகர்த்தினால் ஒன்று நீளம் போதாது, இன்னொன்று நீளம் அதிகம், ஷாஃப்ட் முனைகளில் இருக்கும் கிராஸ் ஜாயின்ட்டுகளின் கோணமும் மாறி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டி உடம்பெல்லாம் நடுங்கும். டிரான்ஸ்பர் கேஸ் இருந்த இடத்தில் இருக்கட்டும், அதற்கு முன்னால் கியர் பாக்ஸ், அதற்கு முன்னால் இன்ஜின் எங்கே வருகிறதோ அங்கே பிராக்கெட் அடிக்க வேண்டும். முடிந்தால் இன்ஜினோடு அதன் கியர் பாக்ஸ், ஹவுசிங், செல்ஃப், டைனமோ எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுங்கள். வேறு கம்பெனி இன்ஜின் என்றால் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்க நடுவில் அடாப்டர் பிளேட் கடைய வேண்டிவரும். அது மையம் தப்பாமல் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும், 0.005 அங்குலத்துக்கு மேல் விலகினாலே கிளட்ச்சும் கியர் பாக்ஸ் முன் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். கண்ணால் பார்த்து "சரியா இருக்கு" என்று சொல்கிற வேலை இல்லை.

சரி, இவ்வளவு பட்டு என்ன கிடைத்தது? உண்மையைச் சொன்னால் பலம் குறைந்தது. பழைய ஆறு சிலிண்டர் 100 குதிரைத்திறனுக்கு மேல், இது 90-ஐ ஒட்டி. டீசல் வைத்தால் இழுவை அள்ளும் என்று எழுதியிருக்கிறீர்கள், டர்போ இல்லாத, அளவிலும் சின்ன டீசலுக்கு அது பொருந்தாது. மேட்டில் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து பழகிக்கொண்டேன். என் ஆக்ஸில் விகிதம் 4.11, டயர் 7.50-16, டாப் கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 2500 சுற்றில் மணிக்கு சுமார் 90 கிலோமீட்டர். அதற்கு மேல் விரட்ட எனக்கும் மனசில்லை, இன்ஜினுக்கும் இல்லை. ஆனால் கற்பாறைச் சரிவில் டிரான்ஸ்பர் கேஸில் லோ கியர் போட்டு, கால் இரண்டையும் எடுத்துவிட்டால், வண்டி கிழ எருமை போலத் தானாக நடந்து இறங்கும். ஸ்பார்க்குக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து ஓடைக்கு நடுவே நிற்கும் தொல்லை போயிற்று. பழைய இன்ஜின் குடித்ததைப் பார்த்தவனுக்கு இது குடிப்பது ஒன்றுமே இல்லை. எனக்கு இது போதும். வேகம் வேண்டும் என்கிறவர் பெட்ரோல் இன்ஜினையே நன்றாகக் கட்டிக்கொள்ளட்டும், அதில் ஒரு குறைவும் இல்லை.

மறுபடி செய்வதாக இருந்தால் இன்ஜினைக் கடைசியில்தான் வாங்குவேன். முதலில் சேஸிஸை மொட்டையாக்கி, சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு அடியாகத் தட்டிப் பார்ப்பேன், நல்ல இரும்பு மணி போலச் சத்தம் தரும், உள்ளே துருப் பிடித்தது தகரம் போல ஒலிக்கும். ஸ்பிரிங் பட்டை தொங்கும் இடங்களில் உள்ளே சேறு தங்கி அரித்திருக்கும், மேலே பெயின்ட் அழகாக இருக்கும். அடுத்து பிரேக். வீல் சிலிண்டர், மாஸ்டர், இரும்புக் குழாய்கள் எல்லாம் புதிதாக. பிறகு பதிவு அலுவலகத்தில் கேட்பேன், இந்த இன்ஜினை ஏற்பார்களா, சான்றிதழில் எரிபொருளை மாற்றித் தருவார்களா, இன்சூரன்ஸ் நிற்குமா என்று. அதற்கப்புறம்தான் இன்ஜின்.

கடைசியாக ஒன்று. உங்கள் பக்கத்தில் போட்டிருந்த படத்தில் அந்தத் தம்பி கட்டைமேல் வைத்த இன்ஜின் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். இன்ஜினின் காற்று வாய் திறந்து கிடக்கிறது, அதற்கு நேர் மேலே பலகையில் நட்டும் வாஷருமாக ஒரு டப்பா. அவரிடம் சொல்லி இன்றைக்கே அந்த வாயை மூடச் சொல்லுங்கள். துணியைத் திணிக்க வேண்டாம், மறந்துபோய் அப்படியே ஸ்டார்ட் செய்துவிடுவார்கள். ஒரு தகரத்தை வெட்டி வைத்து போல்ட் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்