அந்த ஐந்து நிமிடம்

கல்லடி,
மட்டக்களப்பு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. டாக்டர் நடக்கச் சொன்னால் நட, ஆனால் அந்த ஐஸில் தனியே வெளியே இறங்காதே. இங்கே எல்லோரும் சுகம். மாரி பிந்தித்தான் பிடித்தது. பிடித்த பிறகு விடவில்லை. வாவி தேத்தண்ணி நிறத்தில் கிடக்கிறது. வளவுக்குள் இரண்டு நாள் கணுக்கால் தண்ணி நின்று வடிந்தது.

பதில் பிந்தியதற்குக் காரணம் தங்கச்சியின் மகன். கொழும்பில் தொலைக்காட்சி நாடகங்களில் உதவி இயக்குநராக இருக்கிறான் என்று முன்பே எழுதியிருந்தேன். போன மாதம் வந்து நின்றான். "மாமா, துப்பறியும் கதை ஒன்றை ஆறு பகுதியாகச் செய்ய ஆசை. மட்டக்களப்பிலேயே படம் பிடிக்க வேண்டும். நல்ல பழைய கதை ஒன்று சொல்லுங்கோ" என்றான். நான் யோசிக்கவே இல்லை. அகதா கிறிஸ்டியின் 'ரொஜர் அக்ரோய்டின் கொலை' என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு அந்தப் பிரதி ஞாபகம் இருக்கும். அட்டை போய், நூலால் தைத்து வைத்திருந்த நூலகப் புத்தகம். நீ முதலில் வாசித்து முடித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு கதைக்கவே இல்லை. வாயைத் திறந்தால் முடிவைச் சொல்லிவிடுவாய் என்ற பயம். மூன்றாம் நாள் நான் முடித்துவிட்டு உன் வீட்டுப் படலையைத் திறந்தபோது நீ என் முகத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இந்த முறை ஒரு கிழமை நானும் அவனும் திண்ணையில் கதிரையைப் போட்டு அதை வரி வரியாகப் பிரித்தோம். சின்ன வயதில் முடிவுக்காக வாசித்தோம், மச்சான். முடிவு தெரிந்துகொண்டு வாசிக்கும்போதுதான் அகதா கிறிஸ்டி செய்த வேலை விளங்குகிறது. 1926இல் வந்த நாவல். கதையைச் சொல்கிற டாக்டர் ஷெப்பர்டே கொலைகாரன். இந்த யோசனையை முதலில் கிறிஸ்டியின் காதில் போட்டவர் அவருடைய அக்காவின் கணவர் ஜேம்ஸ் வாட்ஸ். அதே மாதிரி ஒரு யோசனையை மவுண்ட்பேட்டனும் கடிதத்தில் எழுதியிருந்தார். பிற்காலத்தில் உலகப் போரின்போது கண்டியில் இருந்து தென்கிழக்காசியப் படைகளை நடத்திய அதே மவுண்ட்பேட்டன்தான். யோசனை யாருக்கும் வரலாம். அதை வாசகனின் கண் முன்னே வைத்தபடியே அவன் காணாமல் செய்வதுதான் பெரிய காரியம்.

கொலை நடக்கிற அந்த இடத்தை எடுத்துப் பார். அக்ரோய்டின் அறைக்குக் கடிதம் வருவது எட்டு நாற்பதுக்கு. டாக்டர் அறையை விட்டுப் போவது எட்டு ஐம்பதுக்கு. கதவுக் கைபிடியில் கையை வைத்தபடி, செய்யாமல் விட்டது ஏதும் உண்டா என்று ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறார். எழுதியிருப்பது அவ்வளவுதான். ஒரு பொய்யும் இல்லை. அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஒரு மனுஷனைக் குத்திக் கொன்றாயிற்று. மறுகா, அவர் வெளிப் படலையைத் தாண்டும்போது தேவாலய மணி ஒன்பது அடிக்கிறது. வீட்டு வாசலில் இருந்து படலைக்கு ஐந்து நிமிட நடை. அப்படியென்றால் மிச்சம் ஐந்து நிமிடம் எங்கே? துப்பறிவாளர் பொய்ரோ பிடிப்பது அந்த ஐந்து நிமிடத்தைத்தான்.

சரி, இதை எப்படிப் படமாக்குவது? புத்தகத்தில் 'நான்' என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் நாங்கள் அவருடைய கண்ணுக்குள் போய் இருந்துவிடுகிறோம். கெமராவுக்கு அந்த 'நான்' இல்லை. டாக்டரைத் திரையில் நிறுத்திய உடனே அவர் மற்றவர்களைப் போல ஒருவர். எல்லோரையும் போல அவரையும் சந்தேகப்படலாம்.

டேவிட் சூஷே 1989 முதல் 2013 வரை பொய்ரோவாக 70 தொலைக்காட்சிக் கதைகளில் நடித்தார். அவரைப் போல ஒரு பொய்ரோ வரமாட்டார், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் இந்தக் கதை 2000இல் வந்தபோது, கொலைகாரன் எழுதி வைத்த குறிப்பைப் பொய்ரோ வாசிப்பதாகத் தொடங்கினார்கள். எழுதியவன் கொலைகாரன் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் நம்பிக் கெடுவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? முடிவில் துப்பாக்கியும் துரத்தலும் வேறு. புத்தகத்தில் ஒரு அறைக்குள் இரண்டு பேர் மெல்லிய குரலில் கதைத்து முடிக்கிற விஷயம் அது. எனக்கு மனம் விட்டுப்போனது. ரஷ்யர்கள் 2002இல் ஐந்து பகுதியாகச் செய்தார்கள். ஜப்பானியர் 2018இல் தங்கள் நாட்டுக் கிராமத்துக்கே கதையைக் கொண்டுபோய் 1950களில் நடத்தினார்கள். ஆக, ஊரை மாற்றுவது பெரிய தடையில்லை. தடை அந்தக் கதவுக் கைபிடிதான்.

மருமகன் சொன்ன முதல் வழி, டாக்டர் அந்த அறைக்குள் இருப்பதையே காட்டாமல் விடுவது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மறைத்துவிட்டுப் பிறகு காட்டுவது பார்ப்பவனை ஏமாற்றுவது. கிறிஸ்டி காட்டிக்கொண்டே மறைத்தார்.

வழி கிடைத்தது ஒரு இரவில். அவன் லெப்டொப்பில் வேறொரு நாடகத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான், நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வீட்டுக் கதவைத் திறக்கிறாள். அடுத்த ஷொட்டில் பஸ்ஸுக்குள் யன்னல் ஓரம் இருக்கிறாள். செருப்புப் போட்டது, ஒழுங்கையில் நடந்தது, பஸ்ஸுக்குக் காத்து நின்றது ஒன்றும் இல்லை. எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதும் இல்லை. நான் அவன் தோளைப் பிடித்து உலுப்பிவிட்டேன். "இதுதான்டா அந்த ஐந்து நிமிடம்!" புத்தகத்தில் வசனத்துக்கும் வசனத்துக்கும் இடையில் இருக்கிற வெற்றிடம்தான் திரையில் வெட்டு. வெட்டை நாங்கள் எல்லோரும் நம்புகிறோம். ஆகவே டாக்டரோடுதான் கெமரா போகும். கைபிடியில் கை, திரும்பிப் பார்க்கும் முகம், சுவர் மணிக்கூட்டில் எட்டு ஐம்பது. வெட்டு. படலை, தேவாலய மணி ஒன்பது. கடைசிப் பகுதியில் அதே ஷொட் வெட்டாமல் ஓடும். முதல் முறை காட்டியதில் ஒரு நூலும் மாறக்கூடாது. மணிக்கூட்டைக் கவனித்த ஒருத்தர் இரண்டாம் பகுதியிலேயே பிடித்துவிடலாம், பிடிக்கட்டும்.

காலம் 1980 என்று வைத்திருக்கிறோம். 1978 புயல் அடித்து இரண்டு வருசம். தலை இல்லாத தென்னைகள் நின்ற காலம். அந்த வருசத்தைச் சொன்னது நான். காரணம் நீ.

புத்தகத்தில் டிக்டபோன் என்றொரு குரல் பதியும் கருவி வரும். செத்தவரின் குரல் இரவு ஒன்பதரைக்கு அறைக்குள் இருந்து கேட்க, அப்போது அவர் உயிரோடு இருந்தார் என்று எல்லோரும் நம்புகிறார்கள். இங்கே டிக்டபோனுக்கு எங்கே போவது என்று மருமகன் தலையைச் சொறிந்தான். எனக்கு உன் அம்மாவின் ஞாபகம் வந்தது. நீ சவுதியில் இருந்து அனுப்பும் கெசட்டை அம்மா நேஷனல் ரெக்கோர்டரில் போட்டுக்கொண்டு திண்ணையில் இருப்பா. நீ "சாப்பிட்டீங்களா அம்மா" என்று கேட்டால் "ஓம் மனே, இப்பதான்" என்று அதுக்குப் பதில் சொல்லுவா. உனக்கு ஒருபோதும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்: ஒரு நாள் பின்னேரம் ஒழுங்கையால் வந்துகொண்டிருந்த நான் உன் குரலைக் கேட்டு, வந்துவிட்டாய் என்று சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். முற்றத்தில் அம்மா மட்டும் இருந்தா. பிழைபட நின்ற என்னைப் பார்த்து, "நீயும் கேளன்" என்று பக்கத்தில் இருத்தினா.

அப்படிக் கேட்டு ஏமாந்தவன் நான் என்பதால் இந்த இடம் நம்பும்படி இருக்கும் என்று உறுதியாகச் சொல்லுவேன். தொண்ணூறு நிமிடக் கெசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம் ஓடும். முதல் 40 நிமிடத்தை வெறுமையாக விட்டு, எட்டு ஐம்பதுக்கு ஓடவிட்டால் ஒன்பதரைக்குக் குரல் வரும். வேறு எந்தப் பொறியும் தேவையில்லை. துப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது. புத்தகத்தில், அறைக்குள் கேட்ட பேச்சு எதிரில் இருப்பவரோடு ஒருத்தர் பேசுகிற பேச்சு மாதிரி இல்லையே, கடிதம் சொல்லி எழுதுவிக்கிற மாதிரி இருக்கிறதே என்று பொய்ரோ யோசிப்பார். நீ கெசட்டில் எப்படித் தொடங்குவாய்? "அன்புள்ள அம்மா அறிய மகன் எழுதிக்கொள்வது." வாயால் பேசும்போதும் 'எழுதிக்கொள்வது'! அந்த ஒரு சொல்லில் எங்கள் துப்பறிவாளர் பிடித்துவிடுவார். மருமகன் எழும்பி நின்று கை தட்டினான்.

மற்ற மாற்றங்கள் லேசாக வந்தன. டாக்டர், எங்கள் ஊர்களில் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி ஆகிறார். டாக்டருக்கு ஸ்டேஷனில் இருந்து கோல் எடுத்துவிட்டு ரயில் ஏறிப் போகிறவன் இங்கே கொழும்பு இரவு மெயிலில் போவான். பெரிய வீடு ஒன்றுதான் யோசிக்க வைத்தது. எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே? அக்ரோய்ட் இருப்பது செத்துப்போன மனைவியின் சீதன வீட்டில் என்று வைத்தோம். உடனே வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் ஆசையும் பயமும் தானாக மாறிவிட்டது. அதைப் பற்றித் தனியே எழுதுகிறேன். பாட்டு வேண்டும் என்று தயாரிப்பாளர் பக்கத்தில் கேட்கிறார்களாம். 1954இலேயே 'அந்த நாள்' படம் பாட்டில்லாமல் வந்து நின்றது என்று சொல்லச் சொன்னேன். பாலத்தடியில் மீன் பாடுகிற காட்சியும் கேட்டார்கள். மட்டக்களப்பு என்றால் எல்லோரும் அதைத்தான் வைக்கிறார்கள். இந்தக் கதைக்கு அது ஒன்றும் செய்யாது. வேண்டாம் என்றேன்.

நான் விட்டுக்கொடுக்காத ஆள் ஒருத்தி, டாக்டரின் அக்கா கரோலின். வீட்டை விட்டு இறங்காமலே ஊர்ச் செய்தி முழுக்க அறிந்தவள். மீன்காரனின் சைக்கிள் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தால் மீன் வாங்க முன்னம் செய்தி வாங்குகிற அக்காமார் எத்தனை பேரைப் பார்த்து வளர்ந்தோம்! 1928இல் இந்தக் கதை லண்டன் மேடைக்குப் போனபோது கரோலினை எடுத்துவிட்டு ஒரு இளம் பெண்ணை வைத்தார்கள். கிறிஸ்டிக்கு அது பொறுக்கவே இல்லை. அந்தக் கரோலினில் இருந்துதான் பிறகு கிறிஸ்டியின் மற்றத் துப்பறிவாளர் மிஸ் மார்பிள் வளர்ந்தார். தொண்ணூறு வருசம் தாண்டி நாங்களும் அதே பிழையைச் செய்யலாமா? அவள் இல்லாவிட்டால் முடிவில் பொய்ரோவின் இரக்கத்துக்கும் இடமில்லை. தம்பி செய்தது அவளுக்குத் தெரியாமல் போகட்டும் என்றுதானே டாக்டருக்கு அந்த ஒரு இரவைக் கொடுக்கிறார்.

அவர்கள் வீட்டில் மா ஜொங் என்ற சீன ஆட்டம் விளையாடுகிற இரவு ஒன்று வருமே, அதை எங்கள் 304 சீட்டாட்டம் ஆக்கினோம். எனக்குப் புத்தகத்தில் ஆகப் பிடித்த இடங்களில் அது ஒன்று. கதை முழுக்க வாயை அடக்கி வைத்திருந்த டாக்டர், கையில் அபூர்வமான ஆட்டம் விழுந்து வென்ற குதூகலத்தில், கிடைத்த மோதிரத்தைப் பற்றி உளறிவிடுகிறார். வெற்றி வாயைத் திறக்கும் என்று கிறிஸ்டிக்குத் தெரிந்திருக்கிறது. துரும்பை மறைத்து வைத்து ஆடுகிற 304 மேசையை விட இதற்குப் பொருத்தமான இடம் வேறு இல்லை. நாலு முகம், நடுவில் ஒரு லாம்பு, கவிழ்த்து வைத்த சீட்டு.

ஒரு பெரிய வேலை மிச்சம் இருக்கிறது. கிறிஸ்டி இறந்தது 1976இல். எங்கள் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 வருசம் உரிமை நிற்கும். ஆகவே 2046 முடியும்வரை அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. அமெரிக்காவில் இந்த நாவல் 2022இல் பொதுவுடைமை ஆகிவிட்டது. அது இங்கே உதவாது. உரிமைக்காரருக்குக் கடிதம் எழுதிவிட்டுத்தான் ஒரு காட்சியாவது எடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். மறுமொழி வரும்வரை எழுத்து வேலை நடக்கட்டும்.

இப்போது உன்னிடம் கேட்பது. டாக்டரின் குரல் ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு மூன்று இடத்தில் வரும். வானொலி நாடகத்தில் நீ பேசிய காலத்தில், கெட்டவனாக நடித்தாலும் கேட்டவர்கள் உன் பக்கம்தான் நின்றார்கள். அந்தக் குரல்தான் வேண்டும். நடுக்கம் வந்திருந்தாலும் நல்லது. அப்போதிக்கரிக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது. இதோடு முதல் பக்கத்தை வைத்திருக்கிறேன். போனில் பதிந்து அனுப்பு, மருமகனுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அவசரப்பட்டு வாசிக்காதே. கைபிடி வருகிற வரியில் மட்டும் ஒரு மூச்சு நில்.

அம்மாவின் அலுமாரியில் இருந்த கெசட் ஒன்று என்னிடம் இருக்கிறது. உன் அக்கா வீட்டைத் திருத்தும்போது தந்தது. மேலே உன் கையெழுத்தில் 'அம்மாவுக்கு' என்று மட்டும் இருக்கிறது. ஓடுகிற ரெக்கோர்டர் ஒன்று காத்தான்குடியில் ஒரு கடையில் இருக்கிறது என்றார்கள். மழை விட்டதும் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்