அந்தக் கறுப்பு 520டி-யை வாங்கும் முன்

அன்புள்ள கார்த்திக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ, நித்யா, குட்டி எல்லோரும் சுகம்தானே? போனில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி கண்ணு.

வாட்ஸப்பில் நீ அனுப்பிய இரண்டு கார்களின் படங்களையும் பார்த்தேன். பெங்களூர் பதிவில் இருக்கிற, 2014 மாடல் கறுப்பு பி.எம்.டபிள்யூ 520டி பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்பாவிடம் காட்டினேன். "ஆசைப்படறான், வாங்கட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு குடோனுக்குப் போய்விட்டார். உங்க மாமா யானையைக் கட்டித் தீனி போடுகிற கதையை ஆரம்பித்தார். இரண்டுமே உனக்கு உதவாது. நம்ம வீட்டுக் காரை ஓட்டுவது அப்பாவும் டிரைவர் அண்ணனும். சர்வீஸுக்கு நாள் குறிப்பது, எஸ்டிமேட்டை வரிவரியாகப் படிப்பது, பில் கட்டுவது, இன்சூரன்ஸ்காரனிடம் மல்லுக்கட்டுவது எல்லாம் நான். அந்தக் கணக்கு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

2014-ல் புதிதாக எடுத்தவர் அந்தக் காருக்கு ஆன்-ரோடு ஐம்பது லட்சத்துக்குக் குறையாமல் கொடுத்திருப்பார். உன்னிடம் 13 லட்சம் கேட்கிறார்கள். 13 லட்சத்துக்கு ஒரு பி.எம்.டபிள்யூவா என்று உனக்குத் தோன்றும். யாருக்கும் தோன்றும். ஆனால் விலை இறங்கியது கார் மட்டும்தான். அதன் ஹெட்லைட் இன்னும் ஐம்பது லட்ச ரூபாய்க் காரின் ஹெட்லைட்தான். பிரேக் டிஸ்க், பம்ப், சென்சார் எதுவும் கார் பழசாகிவிட்டது என்று உனக்காக விலை குறைந்து வராது. வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். முதல் ஓனர் அதை விற்றதற்குக் காரணமும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். வாரண்டி முடிந்து, பெரிய செலவுகள் வரிசையில் வந்து நிற்கும் நேரம் பார்த்துக் கைமாற்றிவிடுவார்கள். அந்த வரிசையில் முதல் ஆளாக நீ போய் நிற்கப் போகிறாய்.

போன ஐப்பசியில் நம்ம வீட்டுக் காருக்கு நடந்ததைச் சொல்கிறேன். நீ அப்போது ஊரில் இல்லை. காலையில் டிரைவர் அண்ணன் வந்து, "அம்மா, வண்டி ஒரு பக்கமா உக்காந்துருக்குங்க" என்றார். போய்ப் பார்த்தால் இடது முன்சக்கரம் மட்கார்டுக்குள் பாதி புதைந்திருந்தது. ஸ்டார்ட் செய்ததும் அடியில் விர்ரென்று ஒரு சத்தம், மெல்ல மெல்ல எழுந்து சரியாக நின்றது. ராத்திரி நிறுத்தினால் விடிவதற்குள் மறுபடியும் உட்கார்ந்துவிடும். மெக்கானிக் வந்து, சோப்புத் தண்ணீரை ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, ஸ்ப்ரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்குகிற, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற காற்றடைத்த ரப்பர் பையின் மடிப்பில் அடித்தார். மடிப்பிலிருந்து நுரை நுரையாகக் கொப்பளித்தது. "ரப்பர் வெடிச்சிருச்சுங்க. இப்படியே ஓட்டினா காத்து நிரப்பற கம்ப்ரசர் ஓயாம ஓடி அதுவும் எரிஞ்சு போயிரும். அப்புறம் ரெண்டு செலவு" என்றார்.

பெரிய ஒர்க் ஷாப்பில் கேட்டால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும், கம்ப்ரசரும் வேண்டும், வால்வும் வேண்டும் என்று ஒரு பட்டியல் அனுப்பினார்கள். கூட்டினால் இரண்டரை லட்சத்துக்கு மேல். கோயம்புத்தூரில் நம்ம வெளி கேரேஜ்காரர் கசிகிற ஒன்றை மட்டும் மாற்றினார். செலவு மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இன்றுவரை உட்காரவில்லை. பெரிய கம்பெனிகள் எல்லாப் பாகங்களையும் தாங்களே செய்வதில்லை கண்ணு. பாஷ், மான், மாலே, லெம்ஃபோர்டர் என்று சப்ளை செய்கிற கம்பெனிகள் தனியாக இருக்கின்றன. அதே பாகம் கார் கம்பெனியின் முத்திரை இல்லாத டப்பாவில் வந்தால் விலை நன்றாகவே குறையும். ஆகவே காரைத் தேடுவதற்கு முன்னால், பெங்களூரில் இந்த வண்டிகளை மட்டுமே பார்க்கிற ஒரு வெளி மெக்கானிக்கைத் தேடு. சும்மா பிழைக் குறியீடு படிக்கிற சின்ன ஸ்கேனர் மட்டும் வைத்திருக்கிறவர் போதாது. இந்தக் காரின் முழு ஸ்கேன் சாஃப்ட்வேர் அவரிடம் இருக்க வேண்டும். பேட்டரி மாற்றினால்கூட புது பேட்டரி போட்டதை காரின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டிய வண்டி இது. பதியாமல் விட்டால் பழைய பேட்டரி என்றே நினைத்து சார்ஜ் செய்து, புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும்.

நீ பார்க்கிற 520டி-யில் காற்றுப் பை இல்லை, சாதாரண ஸ்ப்ரிங்தான். அந்த வகையில் தப்பித்தாய். ஆனால் அதற்கென்று வேறு ஒன்று இருக்கிறது. 2014 மாடல் என்றால் பெரும்பாலும் என்-47 எஞ்சினாக இருக்கும். அதில் வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட்டுகிற டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அந்த எஞ்சினில் செயின் தேய்கிற சங்கதி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. மாற்றுவதென்றால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கீழே இறக்க வேண்டும், பாகத்தைவிடக் கூலி பெரிதாக நிற்கும். கவனிக்காமல் விட்டு அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். அதனால் கார் பார்க்கப் போகிறபோது சொல்லிவிடு, "நான் வருகிற வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று. போனதும் முதலில் பானட்டில் கையை வைத்துப் பார். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். பேசாமல் திரும்பி வந்துவிடு. குளிர்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்து, எஞ்சினின் பின்பக்கம், டேஷ்போர்டு ஓரத்திலிருந்து சங்கிலி உரசுகிற கரகர சத்தம் வருகிறதா என்று கேள். பாட்டைப் போட்டு ஸ்பீக்கர் எப்படி என்று காட்டுவான். அணைக்கச் சொல்.

அடுத்தது இ.ஜி.ஆர். கூலர், அதாவது எஞ்சினுக்கே திருப்பி அனுப்புகிற புகையைக் குளிர்விக்கிற பாகம். 2018 கோடையில் தென் கொரியாவில் 520டி கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. அந்த ஒரு நாட்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை பி.எம்.டபிள்யூ திரும்ப அழைத்தது. அந்தக் கூலரிலிருந்து கசிகிற திரவம் கரியோடு சேர்ந்து சூட்டில் பற்றிக்கொண்டதுதான் காரணம் என்று சொன்னார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சேஸி நம்பரைக் கொடுத்து, இந்தக் காரில் அது சோதிக்கப்பட்டதா, மாற்றப்பட்டதா என்று கம்பெனி சர்வீஸில் கேள் என்பதற்காகச் சொல்கிறேன். அதே நம்பரைக் கொடுத்தால் சர்வீஸ் ஹிஸ்டரியும் தெரிந்துவிடும். மீட்டரில் 68,000 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய டீசல் காருக்கு அது ரொம்பவே குறைச்சல். மீட்டரைத் திருப்புவது இந்த நாட்டில் ஒரு குடிசைத் தொழில். ஆனால் இந்தக் காரில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டும் பதிவதில்லை, சாவியிலும் வேறு சில கம்ப்யூட்டர்களிலும் பதிகிறது. நல்ல மெக்கானிக் ஸ்கேன் போட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். பிரேக் பெடல் ரப்பரும், டிரைவர் சீட்டின் வலது ஓரமும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று உன் கண்ணாலேயே பார்க்கலாம்.

கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுசுக்கும் மாற்ற வேண்டியதில்லை என்று கம்பெனியில் சொல்வார்கள். அந்த கியர்பாக்ஸைச் செய்கிற இசட்.எஃப். கம்பெனியே 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யார் ஆயுசைச் சொன்னார்களோ!

டயரைப் பார்க்கும்போது பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் வருஷம் போயிருந்தால் நாலையும் மாற்றத்தான் வேண்டும். இந்தக் கார்களுக்குப் பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற ரன்ஃப்ளாட் டயர், ஒவ்வொன்றும் இருபதாயிரத்தைத் தாண்டும். அதை விலையில் கழிக்கச் சொல்லிப் பேசு.

இப்போது அந்த இரண்டாவது கார், டெல்லி பதிவு, 9 லட்சம். அதை மறந்துவிடு. டெல்லிப் பக்கம் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளை ஓட்டக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதிலிருந்துதான் அங்கே வயதான டீசல் கார்களெல்லாம் தெற்கே இறங்க ஆரம்பித்தன. மலிவு என்பது உண்மைதான். ஆனால் அங்கே ஆட்சேபணை இல்லை என்று என்.ஓ.சி. சான்று வாங்கி, கர்நாடகத்தில் மறுபதிவு செய்து, அங்கே மறுபடி ஆயுள் வரி கட்டி, டெல்லியில் கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு அலைவதற்குள் உனக்குத் தாவு தீர்ந்துவிடும். மலிவாகத் தெரிந்த நாலு லட்சத்தில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும்.

பெங்களூர் வண்டியிலும் ஒரு சந்தேகம் உண்டு. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், ஏமலூர் பக்கம் வெள்ளம் வந்தபோது பெரிய பெரிய கார்களெல்லாம் மூழ்கிக் கிடந்ததை டி.வி.யில் பார்த்துவிட்டு உனக்குப் போன் போட்டேனே. சென்னையில் 2015-லும் 2023-லும் இதே கதைதான். அப்படி மூழ்கியவற்றில் எத்தனையோ துடைத்து, சென்ட் அடித்து விற்பனைக்கு வந்துவிட்டன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார், அடிப்பகுதியில் மண்கோடு இருந்தால் தெரியும். சீட்டை முன்னால் தள்ளி, அது நகர்கிற தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பார். டிக்கியில் தரைவிரிப்பைத் தூக்கிக் கையை விட்டுப் பார், ஈரமும் மண்ணும் அங்கேதான் தங்கும். பேட்டரியும் அங்கேதான் இருக்கிறது.

இன்சூரன்ஸில் ஒன்று தெரிந்துகொள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் சாதாரண பாலிசியில் காசு வராது. எஞ்சின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். பத்து வருஷக் காருக்கு, தேய்மானம் கழிக்காமல் முழுக் காசும் தருகிற ஜீரோ டெப்ரிசியேஷன் பெரும்பாலும் தரமாட்டார்கள். அப்படியானால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிக் காசு உன் கையிலிருந்து. ஏதாவது ஒரு டூவீலர் உரசி பம்பரும் ஹெட்லைட்டும் போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்.

நம்ம வீட்டில் மட்டும் இந்த மாதிரிக் கார் இருக்கிறதே என்று நீ கேட்கலாம். நம்ம கார் நம்ம தொழில் கம்பெனியின் பேரில் இருக்கிறது. வருஷா வருஷம் 15 சதவீதம் தேய்மானம் கணக்கில் கழிகிறது, சர்வீஸ் பில்லும் செலவில் போகிறது. ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்காது, ஆனாலும் பாரம் கொஞ்சம் குறைகிறது. சரக்கு வாங்குகிற பையர் வருகிறபோது ஏர்போர்ட்டுக்கு அனுப்ப ஒரு கார் வேண்டும், திருப்பூரில் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. நீ சம்பளக்காரன். வரி போக மிச்சம் வருகிற காசில்தான் ஒவ்வொரு நட்டும் வாங்க வேண்டும். ஃபிளாட் லோன் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆபீஸ் ஏழு கிலோமீட்டர், அதற்கு ஒரு மணி நேரம் என்று நீயே சொல்கிறாய். எஞ்சின் முழுசாகச் சூடேறுவதற்குள் அணைத்து, மறுபடி சாயங்காலம் அதே கூத்து என்றால் டீசல் எஞ்சினில் கரிதான் சேரும். ஹைவேக்குச் செய்த வண்டியை அவுட்டர் ரிங் ரோட்டில் உருட்டுவதற்கு ஒரு ஹைப்ரிட் காரோ எலெக்ட்ரிக் காரோ எவ்வளவோ மேல்.

இவ்வளவு சொன்னாலும், எனக்கு அந்த மாதிரிக் கார் பிடிக்காது என்று நினைத்துவிடாதே. நம்ம காரில் சேலம், ஓசூர் வழியாக உங்கள் வீடுவரை வந்து இறங்கினாலும் என் இடுப்பு பிடிப்பதில்லை. பழைய காரில் கிருஷ்ணகிரிக்கு முன்னாலேயே இறங்கி நடக்க வேண்டியிருந்தது. மாதம் ஒருமுறையாவது ஊருக்கு வந்துபோவாய் என்றால் அந்த வண்டிக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

என் முடிவு இதுதான். கையில் 17 லட்சம் இருந்தால் 13 லட்சத்துக்கு அந்தக் காரை எடு. மிச்ச நாலு லட்சத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, இருப்பதையே மறந்துவிடு. முதல் வருஷத்தில் டயர், ஆயில், ரப்பர் புஷ், அப்புறம் எது எது வருகிறதோ அதற்கு. கையில் 13 மட்டும்தான் இருக்கிறது என்றால் இந்தக் கார் உன் கார் இல்லை, 9 லட்சத்துக்கு வேறு நல்ல வண்டி பார். செகண்ட் ஹேண்ட் காருக்கு லோன் மட்டும் எடுக்காதே, வட்டி புதுக் காரைவிட அதிகம். அப்பாவிடமும் கேட்காதே. கேட்டால் தந்துவிடுவார், அதுதான் பிரச்சினை.

நித்யாவிடம் கேட்டாயா? கேட்டிருந்தால் அவள் என்ன சொன்னாள் என்பதை எழுதவே இல்லையே. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறபோது அவளையும் கூட்டிப் போ. காலை ஏழு மணிக்குள் போய்விடு, மதியம் போனால் எஞ்சின் சூடாகத்தான் இருக்கும். சேஸி நம்பரை எனக்கும் அனுப்பு, நம்ம மெக்கானிக் அவருக்குத் தெரிந்தவரிடம் விசாரித்துச் சொல்கிறேன் என்றார். அவர் பார்த்துச் சொல்லும் வரை அட்வான்ஸ் கொடுக்காதே, ஐயாயிரம்கூட வேண்டாம்.

குட்டிக்குப் பருப்புப் பொடியும் நிலக்கடலை உருண்டையும் பார்சல் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை வந்துவிடும்.

அன்புடன்,
அம்மா