பாளையங்கோட்டை சங்கரனுக்கு ஒரு கடிதம்

பெரம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சங்கரா,

உன் செய்தியைப் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருந்தது வேண்டுமென்றுதான். போனில் கூப்பிட்டால் நடுவில் புகுந்து என்னைப் பேசவே விடமாட்டாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் தங்கச்சிக்கு முட்டிவலி, மற்றபடி நலம். சின்னவன் பெங்களூரில்தான் இருக்கிறான். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் அவனுக்கு சிக்னல் போய்விடுகிறது. வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

பி.எஃப். பணம் வந்துவிட்டது, மட்டப்பாவில் ஷெட் போட்டு அறுபது தொட்டி வைத்து ஃபைட்டர் மீன் குஞ்சு பொரிக்கப் போகிறேன், குஞ்சுகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒருத்தர் தயாராக இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் வேலாயுதம்தான் ஞாபகத்துக்கு வந்தான். அவனும் ஈமு கோழிக்கு இப்படித்தான் நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினான். அதிலும் திரும்ப வாங்கிக்கொள்ள ஒருத்தர் இருந்தார். கோபப்படுவாய். படு, ஆனால் முழுசும் படித்த பிறகு படு.

அதற்கு முன்னால் ஒன்று. சித்திரையில் எனக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன். தினமும் நடக்கிறேன், ஊறுகாயை விட்டுவிட்டேன். உன்னிடம் சொன்னால் அன்று ராத்திரியே நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸுகளோடு சண்டை பிடிப்பாய் என்றுதான் சொல்லவில்லை. உன் தங்கச்சி வாயைத் திறக்காமல் இருந்ததும் நான் சொல்லித்தான். அவளைத் திட்டாதே.

வீட்டில் முடங்கிக் கிடந்த அந்த நாட்களில்தான் படுக்கையறை மூலையில் ஒரு மீன் ராக் வந்து நின்றது. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வாளி தூக்கியதெல்லாம் எதிர்வீட்டுப் பையன். சம்பளம் மீன் குஞ்சு.

என்னிடம் இருப்பது ஃபைட்டர் இல்லை, ஜீப்ரா டேனியோ. சிரிக்காதே. கொளத்தூர்க் கடைகளில் நீ திரும்பிக்கூடப் பார்க்காத மலிவு மீன்தான். நாலு சென்டிமீட்டர் போலத்தான் இருக்கும். நீலக் கோடு, இடையில் வெள்ளி. ஆண் மெலிந்து கோடுகளுக்கிடையே கொஞ்சம் மஞ்சளோடு இருக்கும், பெண் வயிறு உப்பியிருக்கும். கங்கைப் பக்கத்து ஓடைகளிலும் வயல்களிலும் திரிகிற நம் நாட்டு மீன். ஹாமில்டன் என்ற வெள்ளைக்கார டாக்டர் 1822-இல் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதற்குப் பெயர் வைத்தார். இன்றைக்கு உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்களில் இதை அடுக்கடுக்காக வளர்க்கிறார்கள், ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆராய்ச்சி மையத்திலும்தான். சின்ன இடத்தில் நிறைய மீன் எப்படி என்று யோசித்தவர்கள் அவர்கள். நான் பிளாஸ்டிக் டப்பாவில் அதைக் காப்பியடித்தேன், அவ்வளவுதான்.

ஓட்டை போட்ட இரும்புச் சட்டத்தில், அதாவது ஸ்லாட்டட் ஆங்கிளில், மூன்றடி ராக், மூன்று தட்டு. கீழே குஞ்சு வளர ஒரு பெரிய தொட்டி. நடுவில் இருபது லிட்டரில் இரண்டு, ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று. மேல்தட்டில் முட்டை டப்பாக்களும் ஏர் பம்பும். பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியே ஏறி பம்புக்குள் போய்விடும். ஒரே பம்பிலிருந்து எல்லாத் தொட்டிக்கும் டியூப் பிரித்து, ஆளுக்கொரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். மற்ற ஃபில்டர்கள் குஞ்சை உறிஞ்சிவிடும், ஸ்பாஞ்ச் உறிஞ்சாது. மீன் கழிவில் வரும் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் குடியேறும். அதற்கு ஒரு மாதம் போல ஆகும். நீ ஷெட் போட்ட மறுவாரமே மீனை இறக்கலாம் என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை விடு.

தண்ணீருக்கு ஒரு லிட்டர் ஒரு கிலோ. என் ராக் முழுசும் நூறு லிட்டர்தான், அதற்கே உத்திரம் போகிற சுவர் எது என்று பார்த்து அதை ஒட்டி நிறுத்தினேன். நாற்பது லிட்டர் தொட்டி அறுபது என்றால் தண்ணீர் மட்டுமே 2,400 கிலோ. கண்ணாடி, இரும்பு, ஷெட் தனி. உங்கள் அப்பா கட்டிய வீடு, தேக்கு உத்திரத்துக்கு மேலே செங்கல்லும் சுண்ணாம்பும். தீபாவளிக்குப் பிள்ளைகள் ஓடினாலே கீழே தூசி கொட்டும். கீழ்க்கட்டில் பூஜை அறை இருக்கிறது என்பதாவது ஞாபகம் இருக்கிறதா?

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், மீனுக்கு ஆகாது. அதை முறிக்கக் கடையில் பாட்டில் பாட்டிலாக விற்கிறார்கள். பெரும்பாலும் அது என்ன தெரியுமா? போட்டோ ஸ்டூடியோ அண்ணாச்சி டார்க் ரூமில் வைத்திருந்த ஹைப்போ. நீ கற்கண்டு என்று வாயில் போட்டாயே, அதேதான். சிட்டிகை போதும்.

முட்டை இட வைப்பது பெரிய வித்தையே இல்லை, அதைத்தான் உனக்குச் சொல்ல நினைக்கிறேன். ஒரு வாரம் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்து நன்றாகத் தீனி போடு. கொசுப்புழு கிடைத்தால் உத்தமம். (அதை வீட்டில் வளர்த்தால் டெங்கு பார்க்க வரும் மாநகராட்சிக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். உன் தங்கச்சி சொன்னாள், நான் ஒளிந்துகொண்டேன்.) சாயங்காலம் ஒரு டப்பாவில் சேர்த்துவிட்டு விளக்கை அணை. காலையில் வெளிச்சம் வந்த கொஞ்ச நேரத்தில் துரத்த ஆரம்பிக்கும், நூறு இருநூறு முட்டை உதிரும். ஒட்டாத முட்டை, நேரே அடிக்குப் போகும். பெற்றதுகளே பின்னாடியே போய்ப் பொறுக்கித் தின்றுவிடும். அதனால் ஆராய்ச்சிக்கூடத்தில் துளை போட்ட அடித்தட்டு வைக்கிறார்கள், முட்டை கீழே விழும், மீன் போக முடியாது. நான் காய்கறி அலசும் கூடையைச் சின்னக் கண்ணாகப் பார்த்து வாங்கி டப்பாவுக்குள் தொங்கவிட்டேன். அந்தக் காலத்தில் தொட்டி அடியில் கோலிக்குண்டு பரப்புவார்களாம், முட்டை இடுக்கில் போய்விடும். என்னிடம் பிடுங்கியதை எல்லாம் பத்திரமாக வைத்திருந்தால் நீ அப்படியே செய்யலாம். விளக்குக்கு ஒரு டைமர் வாங்கு, பதினாலு மணி நேரம் வெளிச்சம், பத்து மணி நேரம் இருட்டு.

முட்டைகளை வேறு டப்பாவுக்கு மாற்றி, பூஞ்சை பிடிக்காமல் மெத்திலீன் ப்ளூ மருந்து துளி விட்டு, வெள்ளையாகப் போனதைப் பொறுக்கி எறிய வேண்டும். நல்ல முட்டை கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். எதிர்வீட்டுப் பையன் தன் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்தான். இரண்டாம் நாள் பார்த்தேன் சங்கரா. உள்ளே சுருண்டு கிடக்கிறது, கண் கருப்பாகத் தெரிகிறது, இதயம் அடித்துக்கொண்டிருக்கிறது. நிமிஷத்துக்கு நூற்றிருபதுக்கு மேல். ரத்தம் ஓடுவதுகூடத் தெரிகிறது. எக்கோ எடுத்தபோது திரையில் என்னுடையதைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டவன் நான். இதை அன்று மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை பார்த்தேன்.

இதையும் கேள். 2002-இல் அமெரிக்காவில் இந்த மீனின் இதயக் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் திரும்ப வளர்ந்துவிட்டது. நமக்குச் செத்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும். டாக்டர் படம் போட்டுக் காட்டி, இந்த மூலை இனிமேல் வேலை செய்யாது என்று சொன்னார், சாதாரணமாகத்தான் சொன்னார். வெளியே வந்து உன் தங்கச்சியிடம் ஒன்றுமில்லை என்றேன். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

சரி, மீனுக்கு வருவோம்.

இரண்டு மூன்று நாளில் பொரியும். ஊசி நுனி போலக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தொங்கும். ஐந்தாம் நாள் வாக்கில் மேலே வந்து ஒரு வாய் காற்று விழுங்கி நீந்த ஆரம்பிக்கும். அங்கேதான் எல்லாம் தொடங்குகிறது. அதன் வாய்க்குள் என்ன நுழையும்? கடையில் விற்கும் தூள் தீனி நுழையாது. அவித்த மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து விடு என்பார்கள். விட்டால் மறுநாள் தண்ணீர் நாறி, பாதிக் குஞ்சு போய்விடும். இன்ஃபுசோரியாதான் வழி, தண்ணீரில் வளரும் நுண்ணுயிர்கள். வைக்கோலோ முட்டைக்கோஸ் இலையோ போட்ட தண்ணீரை ஜன்னலோரம் வைத்து, பழைய ஸ்பாஞ்சை அதில் கொஞ்சம் பிழிந்துவிடு. முதலில் பால் போல் கலங்கும், நாறும். அப்புறம் தெளியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பொடிப்பொடியாக அசைவது தெரியும். இதற்கு ஒரு வாரமாவது ஆகும். அதனால் மீனைச் சேர்ப்பதற்கு முன்னாலேயே ஜாடியை ஆரம்பித்துவிட வேண்டும், முட்டை வந்தபின் ஆரம்பித்தால் குஞ்சு பட்டினி.

பத்து நாள் தாண்டினால் ஆர்ட்டீமியா, உப்புநீரில் வாழும் பொடி இறால் மாதிரி ஒன்று. அதன் முட்டையை வாங்கி நாமே பொரிக்க வேண்டும். கோலா பாட்டிலை அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, லிட்டருக்கு 25 கிராம் கல்லுப்பு, கீழிருந்து காற்று, மேலே ஒரு விளக்கு. நம் ஊர்ச் சூட்டுக்கு ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறத்தில் உயிருள்ளது அடியில் சேரும். அதைத் துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போட வேண்டும். குஞ்சுகளின் வயிறு ஆரஞ்சாகும்போது வரும் சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. ஆர்ட்டீமியா முட்டை டின் ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது தனி வழக்கு, விசாரணை நடக்கிறது.

இப்போது உன் ஃபைட்டருக்கு வருகிறேன். அதுவும் நுரைக்கூடு கட்டி நூற்றுக்கணக்கில் பொரிக்கும், ஆண் காவல் காக்கும், பார்க்க அழகுதான். முதல் இரண்டு மாதம் நீ ராஜா. அதன் பிறகு ஆண்கள் ஒன்றையொன்று கடித்து வாலைக் கிழிக்கத் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ஜாடி வேண்டும். நூறு ஆண் என்றால் நூறு ஜாடி. சின்ன ஜாடியில் தண்ணீர் சீக்கிரம் கெடும், ஓயாமல் மாற்ற வேண்டும். உன் இடுப்புக்கு அது ஆகுமா? அறுபது தொட்டிக் கணக்கில் ஜாடிகள் எங்கே நிற்கப் போகின்றன என்று எழுதவே இல்லையே. திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்கிறவரிடம் ஒன்று மட்டும் கேள்: எந்த வயதுக் குஞ்சு, எந்த அளவு, வால் கிழிந்ததை எடுப்பாரா, எழுதித் தருவாரா? பேச்சை மாற்றினால் புரிந்துகொள்.

என் ஜீப்ராவிலும் மிச்சம் விழத்தான் செய்கிறது. கோணல் முதுகோடு சில வரும், அதை நாம்தான் முடிக்க வேண்டும். எனக்கு அது இன்னும் பழகவில்லை. நல்லவற்றைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன், கடைக்காரர் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார். விற்ற காசு ஆர்ட்டீமியா டின்னுக்குக்கூடக் காணாது. மிஞ்சியதை ஆற்றில் விடலாம் என்ற யோசனை மட்டும் உனக்கு வேண்டாம். தாமிரபரணிக்கு அதன் சொந்த மீன்கள் போதும்.

ஆகவே, அட்வான்ஸ் எதுவும் கொடுக்காதே. மட்டப்பா வேண்டாம், கிணற்றடிப் பக்கம் அந்தக் காலி அறை இருக்கிறதே, அங்கே ஒரே ஒரு ராக் போடு. நீளம் அகலம் அளந்து எனக்கு எழுது. வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் அந்த அறைக்கு வருமா, இதையும் சேர்த்து. இன்ஃபுசோரியா ஜாடியை இன்றைக்கே வைத்துவிடு. ஆடி முடிந்ததும் நானே வருகிறேன், டாக்டர் ரயிலுக்குச் சரி சொல்லிவிட்டார். கவரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்ஸிஜன், முதல் நாள் பட்டினி. அப்படிக் கட்டினால் ஒரு ராத்திரிப் பயணம் தாங்கும். நாலு ஆண், ஆறு பெண் கொண்டுவருகிறேன். லோயர் பெர்த் கிடைக்கவில்லையென்றால் நீதான் டி.டி.ஆரிடம் பேச வேண்டும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
நெல்லையப்பன்

பி.கு. ஸ்டென்ட் விஷயத்துக்காக என்னைத் திட்டிப் போன் செய்வதாக இருந்தால் காலை ஒன்பதுக்கு மேல் செய். அதற்கு முன்னால் முட்டை எடுக்கிற நேரம்.