மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைய

லண்டன் தமிழ்க் கோயில்களின் அறங்காவலர் சபைகளுக்கும், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளை நடத்துவோருக்கும்,

வணக்கம். வேலைத்தலத்தில் நிறத்துக்காகவும் பிறந்த நாட்டுக்காகவும் ஒதுக்கப்படுகிற எங்கள் சனம் முதலில் வாய் திறப்பது வக்கீலிடம் இல்லை, உங்களிடம்தான். அன்னதான வரிசையில் நிற்கும்போது, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வாசலில் நிற்கும்போது. கிடைக்கிற பதில் அநேகமாக ஒன்றுதான்: "பொறு பிள்ளை, வந்த இடத்திலை எதுக்குச் சோலி." அன்பில் சொல்வதுதான். அந்த அன்பால் நான் ஒரு வழக்கை இழந்தேன்.

முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் வேலை செய்தேன். சமையலறைக்குப் போகும் நடையில் வேலை அட்டவணை ஒட்டியிருக்கும். சனி, ஞாயிறு இரவு என்றால் அதில் எப்போதும் அதே நாலு பெயர்: தமிழர் மூன்று பேர், நைஜீரியப் பெண் ஒருவர். மூத்த பணியாளர் இடத்துக்கு நான் விண்ணப்பித்தபோது, "உங்கள் ஆட்களுக்கு மேற்பார்வை சரிவராது" என்றார் மனேஜர். 2019 ஜனவரி 4ஆம் தேதி இடம் இல்லையென்று கடிதம் தந்தார்கள். உள்ளுக்குள்ளேயே முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். கோயிலில் கேட்டேன், பதில் வரும்வரை பொறுக்கச் சொன்னார்கள். ஏப்ரல் 12ஆம் தேதி பதில் வந்தது. இலவச ஆலோசனைக்குப் போனபோது அங்கிருந்த சொலிசிட்டர் கலண்டரை எடுத்துப் பென்சிலால் எண்ணினார். வழக்கைத் தொடங்கக் கடைசி நாள் ஏப்ரல் 3. ஒன்பது நாள் பிந்திப் போயிருந்தேன்.

பாகுபாடு நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைய: அதுதான் கணக்கு. உள் முறைப்பாடு கொடுத்தால் அந்தக் கணக்கு நிற்காது. ஏகாஸ் என்ற சமரச அமைப்புக்கு அறிவித்தால்தான் நிற்கும், அதற்குக் காசில்லை. பிந்தி வந்த வழக்கையும் நியாயம் என்று கண்டால் நீதிபதி எடுக்கலாம், ஆனால் அதை நம்பி யாரும் காத்திருக்கக்கூடாது. காலக்கெடுவை ஆறு மாதமாக்கும் சட்டம் 2025 இறுதியில் நிறைவேறிவிட்டது. ஆனால் அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்த பின்தான் ஆறு மாதம். அதுவரை பழைய கணக்குதான்.

மிச்சச் சட்டம் எங்கள் பக்கம் எவ்வளவு இருக்கிறது என்பதை எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் 'இனம்' என்றால் நிறம், குடியுரிமை, இன மரபு, தேச மரபு எல்லாம் அடங்கும். இத்தனை வருடம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வேலைக்கு விண்ணப்பித்தவரே வழக்குப் போடலாம். நட்டஈட்டுக்கு உச்சவரம்பு இல்லை. வேலை வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட 2013இல் கட்டணம் கொண்டுவந்தார்கள். யுனிசன் தொழிற்சங்கம் வழக்காடியதில் 2017இல் உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தள்ளிவிட்டது. பாகுபாடு நடந்திருக்கலாம் என்று நினைக்கத்தக்க தகவல்களை நாங்கள் வைத்தால், இல்லை என்று காட்டும் பொறுப்பு முதலாளியுடையது. என் கைத்தொலைபேசியில் இருந்த அட்டவணைப் படங்கள் அதற்குத்தான் உதவியிருக்கும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். முறைப்பாடு செய்தவரை மட்டுமல்ல, அவருக்காகச் சாட்சி சொன்னவரைப் பழிவாங்குவதும் தனிக் குற்றச்சாட்டு. அந்த நைஜீரியச் சகோதரி எனக்காகப் பேசத் தயாராக இருந்தார். அவருக்கும் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

விசா பயம் வெறும் பயம் இல்லை. வேலை கொடுத்தவரே விசாவுக்கும் ஸ்பான்சர் என்றால், வேலை போனால் வழக்கமாக 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சர் தேட வேண்டும். அதனால்தான் அப்படி விசாவில் இருப்பவர்கள் கடைசி நாள்வரை பொறுக்கிறார்கள். ஆனால் ஸ்பான்சர் விசாவில் இருப்பவருக்கும் அதே சட்டம்தான், அதே மூன்று மாதம்தான். அவர்களை முதல் வாரத்திலேயே ஆலோசனைக்கு அனுப்புங்கள்.

அறங்காவலர்களே, கோயிலும் ஒரு வேலைத்தலம். மடைப்பள்ளியில் சமைப்பவரும் கூட்டிப் பெருக்குபவரும் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். சில சந்தர்ப்பங்களில் சாதியும் 'இன மரபு' என்பதற்குள் வரலாம் என்று 2014இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியது. வெள்ளைக்காரரிடம் நியாயம் கேட்கப் போகும் நாங்கள், யாரை எந்த வாசலால் உள்ளே விடுகிறோம், யாரைப் பாத்திரம் தொட விடுவதில்லை என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். இதைச் சொன்னால் உங்களில் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். தெரிந்தே எழுதுகிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். அறிவிப்புப் பலகையில் ஒரு தமிழ்த் தாள்: நடந்த நாளைக் குறித்து வை, அட்டவணையைப் படம் எடு, தொழிற்சங்கத்தில் சேர், ஏகாஸுக்கு அறிவி, கடைசி நாளை எண்ணு. மாதத்தில் ஒரு ஞாயிறு, அன்னதான மண்டபத்தின் மூலையில் ஒரு மேசை. இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ சட்ட ஆலோசனை நிலையத்திலோ கேட்டு ஒருவரை வரவழையுங்கள். ஆங்கிலம் தடுமாறுபவருக்குப் பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்க உங்கள் பள்ளியின் பெரிய பிள்ளைகளுக்கு முடியும்.

தாளை எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கோயில் முதலில் சரி என்கிறதோ, அடுத்த ஞாயிறு காலைப் பூசைக்கு முன் வந்து நானே ஒட்டித் தருகிறேன். மேசைக்கு ஆள் வரும்வரை அதன் பக்கத்திலும் இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்புப் பணியாளர், லண்டன்