ஹெல்ம் ஊரில் பனி பெய்த இரவு

நியூ ஜெர்சி

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்துக்குக் கதை சொல்லப் போகிறாய் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எங்கள் பள்ளி நூலகத்தில் இந்த வருஷம் நான் செய்வதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு யூதர்களின் கதைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கே நூலகங்களில் யூதர் என்றால் பெரும்பாலும் இரண்டே இரண்டு வகைப் புத்தகம்தான். டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் புத்தகங்களுக்குப் பக்கத்தில் யூதர்களின் விளக்குப் பண்டிகையான ஹனுக்கா. அப்புறம் ஹிட்லர் காலம். உண்மையில் ஹனுக்கா அவர்களுக்கு அவ்வளவு பெரிய பண்டிகையே இல்லை. யூத இன அழிப்பைப் பற்றிக் கற்பிப்பது இந்த மாநிலப் பள்ளிகளில் 1994 முதல் சட்டப்படி கட்டாயம். அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு மக்களைப் பத்து வயதுப் பிள்ளை முதன்முதலாகச் சந்திப்பதே அவர்கள் கொல்லப்படும் இடத்தில் என்றால், அவர்கள் எதற்குச் சிரித்தார்கள், எதற்குச் சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் தெரியாமலே போய்விடும். அந்தச் சிரிப்பும் சண்டையும் முதலில் வரட்டும் என்பதுதான் என் ஆசை.

சண்டைக்கு நான் எடுத்துக்கொண்டது, யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த பழைய நூலான தால்முதில் வரும் அடுப்புக் கதை. ஒரு வகை மண் அடுப்பு தீட்டுப்படுமா படாதா என்று அறிஞர்களுக்குள் வாக்குவாதம். ரபி (யூத மத அறிஞர்) எலியேசர் ஒரு பக்கம், மற்ற எல்லாரும் மறுபக்கம். அவர் சொன்ன எந்தக் காரணத்தையும் அவர்கள் ஏற்கவில்லை. “நான் சொல்வது சரியென்றால் இந்தக் கரோப் மரம் சாட்சி சொல்லட்டும்” என்கிறார். மரம் வேரோடு பெயர்ந்து நூறு முழம் தள்ளிப் போய் நிற்கிறது. “மரமெல்லாம் சாட்சியா?” என்கிறார்கள். வாய்க்கால் தண்ணீர் எதிர்த்திசையில் ஓடுகிறது. அதையும் ஏற்கவில்லை. கல்விக்கூடத்தின் சுவர்கள் சாயத் தொடங்குகின்றன. அப்போது ரபி யோசுவா சுவர்களைப் பார்த்து அதட்டுகிறார்: “படித்தவர்கள் தங்களுக்குள் வாதாடினால் உங்களுக்கு என்ன?” யோசுவாவுக்கு மரியாதை கொடுத்துச் சுவர்கள் விழவில்லை, எலியேசருக்கு மரியாதை கொடுத்து நிமிரவும் இல்லை. சாய்ந்தபடியே நின்றுவிட்டன. கடைசியில் வானத்திலிருந்தே ஒரு குரல், எலியேசர் சொல்வதுதான் சரி என்கிறது. யோசுவா எழுந்து நின்று, “அது வானத்தில் இல்லை” என்கிறார். சட்டத்தை மனிதர் கையில் கொடுத்தாயிற்று, இனிப் பெரும்பான்மையோர் சொல்வதுதான் தீர்ப்பு என்று பொருள். இதைக் கேட்ட கடவுள் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். “என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள்” என்றார்.

இதைப் படிக்கும்போதே உனக்கு நக்கீரர் நினைவுக்கு வந்திருப்பார். எனக்கும் அப்படித்தான். நம் கதையில் நெற்றிக்கண் திறக்கிறது, புலவர் பொற்றாமரைக் குளத்தில் விழுகிறார். இங்கே தோற்ற கடவுளுக்குச் சந்தோஷம். இரண்டையும் அடுத்தடுத்து நினைத்துப் பார்த்தால் மனசுக்கு எவ்வளவு நிறைவாக இருக்கிறது!

பிள்ளைகளுக்குச் சுவர்களைத்தான் ரொம்பப் பிடித்தது. ஒரு பையன் எழுந்து சாய்ந்தபடியே நின்று காட்டினான். ஆனால் பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “தோற்றுப்போனவருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டாள். தால்முத் அதை மறைக்கவில்லை. எலியேசரைத் தங்கள் கூட்டத்திலிருந்து விலக்கிவைத்தார்கள், அவர் அழுதார் என்று சொன்னேன். அவ்வளவுதான், வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. அதிகம் பேர் சொன்னதால் மட்டும் சரியாகிவிடுமா என்று ஒரு பக்கம். வாதத்தில் ஜெயித்த பிறகு ஒருவரை வெளியே தள்ளியது அநியாயம் என்று இன்னொரு பக்கம். மணி அடித்த பிறகும் நடைவழியில் பேசிக்கொண்டே போனார்கள்.

சிரிப்புக்கு ஹெல்ம். நம் பரமார்த்த குருவும் சீடர்களும் சேர்ந்து ஓர் ஊரையே நடத்தினால் எப்படி இருக்கும், அதுதான் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழிக் கதைகளில் வரும் ஹெல்ம். ஓர் இரவு பனி பெய்து தெருவெல்லாம் வெள்ளைவெளேர் என்று கிடக்கிறது. யார் காலும் படாமல் அது அப்படியே இருக்கட்டும் என்று ஊர் முடிவு செய்கிறது. ஆனால் ஜெபாலயப் பணியாளர் விடியற்காலையில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி எல்லாரையும் தொழுகைக்கு எழுப்ப வேண்டுமே? கூடி யோசித்தார்கள். அவரை ஒரு மேஜைமேல் நிற்கவைத்து, நான்கு பேர் மேஜையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார்கள். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

அப்புறம் ஒருத்தி கேட்டாள், அந்த ஊர் நிஜமாகவே இருக்கிறதா என்று. வரைபடத்தில் காட்டினேன்: போலந்தின் கிழக்கு ஓரம், உக்ரைன் எல்லைக்குப் பக்கம். “இப்பவும் அவங்க அங்கேதான் இருக்காங்களா?” போருக்கு முன்னால் அந்த ஊரில் ஏறக்குறைய பாதிப் பேர் யூதர்கள் என்றும், 1942ல் நாஜிகள் அவர்களில் பெரும்பாலானவர்களைச் சோபிபோர் முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள் என்றும் சொன்னேன். அதற்கு மேல் விவரம் எதையும் அந்த வயதுக்கு நான் சொல்வதில்லை. முன்வரிசைப் பையன், “மேஜையைத் தூக்கினவங்களையுமா?” என்றான். அவர்கள் கதையில் வருகிறவர்கள், ஆனால் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்களைக் கொன்றார்கள் என்றேன். அவனுக்குப் புரிந்தது, மாலதி. எண்ணிக்கையை மட்டும் படித்திருந்தால் அந்தக் கேள்வி அவன் வாயில் வந்திருக்குமா?

அரசுப் பள்ளியில் மதக் கதை சொல்லலாமா என்று நீ கேட்பாய். மதத்தைப் பற்றிக் கற்பிக்கலாம், வழிபாடாக நடத்தக் கூடாது. 1963ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அப்படித்தான். அதனால் “கடவுள் சொன்னார்” என்று தொடங்க மாட்டேன், “யூதர்களின் தால்முதில் இப்படி ஒரு கதை இருக்கிறது” என்றுதான் தொடங்குவேன். இன்னொன்றிலும் கண்டிப்பாக இருக்கிறேன். வகுப்பில் யூதப் பிள்ளை இருந்தால், “உங்கள் வீட்டில் எப்படி, நீ சொல்லு” என்று எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்துவதில்லை. தீபாவளி வந்தால் என் மகளை அப்படித்தான் நிற்கவைப்பார்கள். அவள் கூசிப்போய் வீட்டுக்கு வருவாள். தானாகச் சொல்ல வருகிற பிள்ளையைத் தடுக்கவும் மாட்டேன். போன வாரம் ஒருவன், எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைக்கும் பஸ்கா விருந்தன்று, வீட்டில் சின்னவன் தான்தான் என்பதால் வழக்கமாகக் கேட்கும் நான்கு கேள்விகளையும் தானே கேட்பதாகப் பெருமையாகச் சொன்னான்.

அடுத்தது கொச்சி. யூதர் என்றால் ஐரோப்பா என்றே பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1568ல் கட்டிய பரதேசி ஜெபாலயம், தரையில் பதித்த நீலச் சீன ஓடுகள், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் உரிமைகள் கொடுத்து வட்டெழுத்தில் பொறித்த செப்பேடு என்று எவ்வளவோ இருக்கிறது. அந்தச் சமூகத்துப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுக் கட்டி, நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துப் பாடியிருக்கிறார்கள். அந்தப் பாட்டுகளில் பைபிள் கதைகளும் உண்டு.

நீ மே மாதம் தங்கை வீட்டுக்கு எர்ணாகுளம் போகிறாய் அல்லவா? ஒரு நாள் அந்த ஜெபாலயம் இருக்கும் மட்டாஞ்சேரிக்குப் போய்விட்டு வா. அந்தப் பாட்டுகள் அச்சில் கிடைக்கிறதா என்று அங்கே புத்தகக் கடைகளில் விசாரித்து, கிடைத்தால் ஒரு பிரதி வாங்கி வை. மலையாளம் உனக்குத்தானே நன்றாக வரும், இரண்டு மூன்று பாட்டுக்குப் பொருள் எழுதி அனுப்பு. செப்டம்பரில் பள்ளி திறந்ததும் முதல் கதையாக அதையே சொல்லப் போகிறேன்.

அன்புடன்,
உன் கலா