காத்திருக்கிற காலத்திலாவது சேர்ந்திருக்க விடுங்கள்

கனடியப் பாராளுமன்றத்தில் தமிழர் அதிகமாக வாழும் தொகுதிகளின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் யாழ்ப்பாண நகரத்தில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். அதற்கு முன்னர் பல வருடம் ஆங்கிலம் படிப்பித்தேன். அதனால் என்னிடம் வருகிற எல்லாருக்கும் நான் இன்னும் ‘ரீச்சர்’தான். காணி உறுதி, பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடச் சான்றிதழ் என்று எல்லாம் மொழிபெயர்க்க வரும். ஆனாலும் என் மேசையில் குவிவதில் பெரும் பங்கு கனடாவுக்குப் போகிற ஸ்பொன்சர் கோப்புகள், அதாவது அங்கே இருக்கிறவர் தன் மனைவியையோ கணவனையோ கூப்பிடப் போடுகிற விண்ணப்பங்கள்.

போன மாதம் சாவகச்சேரிப் பக்கமிருந்து ஒரு பெண் தாயோடு வந்தாள். அவளுடைய விவாகப் பதிவை ஏற்கெனவே நான்தான் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். இந்த முறை கொண்டுவந்தது பிள்ளையின் பிறப்புப் பத்திரம். கோப்பு உள்ளே கிடக்கும்போதே பிள்ளை பிறந்துவிட்டது. இனி அதையும் கோப்பில் சேர்க்க வேண்டும். பிள்ளைக்கு எட்டு மாதம். தகப்பன் கலியாணத்துக்கு வந்து மூன்று கிழமை நின்றவர், பிறகு இப்போதுதான் இரண்டு கிழமை லீவில் வந்து போயிருக்கிறார்.

“அவர் தூக்கினவுடனை பிள்ளை வீரிட்டு அழுதிட்டுது ரீச்சர். போனிலை பாத்தாச் சிரிக்கும். நேரிலை ஆரெண்டு தெரியேல்லை” என்றாள்.

“அந்தப் பெடியன் ஒரு வருசம் லீவு போட்டிட்டு இஞ்சை வந்து நிண்டா என்ன?” என்று தாய் என்னைக் கேட்டார். அவருக்கு நான் அன்று சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

கனடாவின் வதிவிடக் கணக்கை இங்கே பலர் தப்பாக விளங்கி வைத்திருக்கிறார்கள். நிரந்தர வதிவாளர் (குடியுரிமை இல்லாமல் அங்கே நிரந்தரமாக வாழ அனுமதி பெற்றவர்) ஒருவர் ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்தால் வதிவிட உரிமை போகாது. மிச்ச நாட்களில் அவர் எங்கேயும் இருக்கலாம். அது தாராளமான விதி என்றே சொல்வேன். ஆனால் அதே ஆள் மனைவியை ஸ்பொன்சர் பண்ணத் தொடங்கியவுடன் வேறொரு விதி குறுக்கே வருகிறது. குடிவரவு ஒழுங்குவிதிகளின் 130ஆம் விதிப்படி ஸ்பொன்சர் பண்ணுகிறவர் கனடாவில் வசிக்க வேண்டும். குடியுரிமை பெற்றவருக்கு இதில் விலக்கு இருக்கிறது. அவர் யாழ்ப்பாணத்தில் மனைவியோடு இருந்துகொண்டே விண்ணப்பிக்கலாம், அனுமதி கிடைத்ததும் கனடாவில் போய் வாழ்வோம் என்று காட்டினால் சரி. நிரந்தர வதிவாளருக்கு அந்த வாசல் பூட்டியிருக்கிறது. லீவில் வந்து போகலாம், வந்து வாழ முடியாது. ஊர் சுற்றுவதற்கு இரண்டு வருடம் வெளியே நின்றவருக்கு வதிவிட உரிமை நிலைக்கும். மனைவியோடு இருக்கவென்று ஒரு வருடம் வந்து நின்றால் ஸ்பொன்சரே விழுந்துபோகும்.

இதைக் கேட்டுவிட்டு அந்தத் தாய் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு “அப்ப சிற்றிசன் எடுத்திட்டுச் செய்திருக்கலாமே” என்றார். அப்படியும் காத்திருக்கிறார்கள். குடியுரிமைக்கு ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடா மண்ணில் நின்றிருக்க வேண்டும். இங்கே வந்து நிற்கிற ஒவ்வொரு கிழமையும் அந்தக் கணக்கை ஒரு கிழமை பின்னுக்குத் தள்ளும். தகப்பனின் செத்த வீட்டுக்கு வந்துவிட்டு எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவோடு அவசரமாகத் திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும். எழுத்து, அதாவது விவாகப் பதிவு, முடித்துவிட்டு, தாலி கட்டுவதை வருடக்கணக்காகத் தள்ளிப் போடுகிற குடும்பங்களும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் எழுத்து முடிந்த பெண்ணின் நிலை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சட்டப்படி அவள் மனைவி, ஊர்க்கண்ணுக்கு இன்னும் தாய் வீட்டுப் பிள்ளை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீதியில் சந்திக்கிறவர்கள் எல்லாரும் அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். இரண்டாவது திருவிழாவிலிருந்து அவள் கோயிலுக்கு விடியப்புறப் பூசைக்கு மட்டும் போகத் தொடங்குவாள்.

அகதியாக ஏற்கப்பட்டு வதிவிட உரிமை பெற்றவர்களின் மனைவிமார் பாடு இதைவிடக் கடினம். 2010 ஆகஸ்டில் எம்.வி. சன் சீ கப்பலில் 492 பேர் உங்கள் கரைக்கு வந்தார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் விமானத்தில் வந்தவர்கள் எத்தனையோ பேர். 2012 டிசம்பரில் வந்த சட்ட மாற்றத்தின் பிறகு, அப்படி ஏற்கப்பட்டவர் தன் நாட்டுக்குத் திரும்பிப் போனால், பாதுகாப்பு இனித் தேவையில்லை என்று தீர்மானிக்கப்பட்டு வதிவிட உரிமையையும் சேர்த்தே இழக்கக் கூடும். ஆகவே மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்கு வருவதில்லை. பெண்ணும் பெற்றோரும் பலாலியில் விமானம் ஏறிச் சென்னைக்குப் போகிறார்கள். அங்கே ஒரு சின்ன மண்டபம், தெரியாத ஐயர், வாடகை மணவறை. பெண்ணின் அம்மம்மாவுக்குக் கடவுச்சீட்டு இல்லை. மாமாமாருக்குச் செலவு தாங்காது. பன்னிரண்டு, பதினைந்து பேரோடு கலியாணம் முடிந்துவிடும்.

அப்புறம் அந்தக் கலியாணத்தின் விண்ணப்பம் என்னிடம் வருகிறது. படிவம் கேட்கிறது: எத்தனை பேர் வந்தார்கள்? பெற்றோரும் நெருங்கிய உறவினரும் வந்தார்களா? வராவிட்டால் ஏன்? ஏன் என்பதற்கான காரணம் உங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு சட்டம் கலியாணத்தைச் சின்னதாக்குகிறது, இன்னொரு விதி சின்னக் கலியாணத்தைச் சந்தேகிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பெண்ணுக்கு விளக்கம் எழுதிக் கொடுக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

பொய்க் கலியாணங்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. காசுக்காகச் செய்து தருகிறவர்களும், அதில் ஏமாந்து நிற்கிற பெண்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். உண்மையா என்று பார்க்க அதிகாரிகளுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் சேர்ந்து வாழ்ந்ததற்குச் சாட்சி கேட்கிற அரசாங்கம், சேர்ந்து வாழ இடம் விடவும் வேண்டும். இடம் விடாததால், சாட்சி முழுக்கத் தொலைபேசிக்குள் போய்விட்டது. என்னிடம் வருகிற வட்ஸ்அப் உரையாடல்கள் சில நூறு பக்கம் இருக்கும். “சாப்பிட்டாச்சோ?” “ஓம். அங்கை பனி கொட்டுதோ?” “இண்டைக்கு இரவு வேலை.” இப்படியே போகும்.

அதில் ஒரு விடயம் என்னால் ஆங்கிலத்தில் கொடுக்க முடியாமல் போகிறது. பேசிச் செய்த கலியாணத்தில் மாப்பிள்ளை முதல் மாதங்களில் பெண்ணை ‘நீங்கள்’ என்பார். கொஞ்சம் பழகியதும் அது ‘நீர்’ ஆகும். ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல் என்றதும், அல்லது அவருக்கு வேலை போன இரவில், ‘நீ’ வந்துவிடும். பக்கங்களைப் புரட்டும்போது அந்த இடம் எனக்குத் தெரியும். இரண்டு பேர் புருசன் பெண்சாதி ஆன நாள் அது. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல்தான். எழுதியிருப்பதற்கு மேல் ஒரு குறிப்பும் நான் சேர்ப்பதில்லை. கோப்பைப் பார்க்கிறவருக்கு அது சாப்பாட்டையும் பனியையும் பற்றிய வெறும் பேச்சாகவே போய்ச் சேர்கிறது.

தாமதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016 டிசம்பரில் உங்கள் அரசாங்கம் இப்படியான விண்ணப்பங்களை முடிக்க 12 மாதம் என்று அறிவித்தது. பலருக்கு அதற்குள் கிடைத்தும் இருக்கிறது. கிடைக்காதவர்களுக்குத்தான் ஒரு திகதியும் இல்லை. விண்ணப்பத்துக்காகச் செய்கிற மெடிக்கல் பரிசோதனை 12 மாதத்துக்குத்தான் செல்லும். அது முடிந்தால் மறுபடி இரவு பஸ்ஸில் கொழும்பு. மொன்றியலில் கணவன் இருக்கிற பெண்களிடம் என்ன சொல்வதென்றே எனக்குத் தெரிவதில்லை. கியூபெக் மாகாணம் 2024 ஜூன் 26 முதல் 2026 ஜூன் 25 வரையான இரண்டு வருடத்துக்கு 13,000 குடும்ப விண்ணப்பங்கள் மட்டுமே எடுப்பதென்று எல்லை போட்டது. கணவன் மனைவி, துணைவர், 18 வயது கடந்து தங்கிவாழும் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து அதில் 10,400. அண்ணன் ஒட்டாவாவிலும் தம்பி மொன்றியலிலும் இருக்கிற வீட்டில், ஒரே பந்தலில் கலியாணம் செய்த மருமக்கள் இருவரில் ஒருத்தி முதல் போவாள், மற்றவள் மாமியோடு இருப்பாள்.

விதி தப்பு என்று கண்டால் நீங்கள் மாற்றியும் இருக்கிறீர்கள். 2012 ஒக்ரோபர் 25இலிருந்து, கலியாணமாகி இரண்டு வருடத்துக்குள் பிள்ளை இல்லாமல் ஸ்பொன்சரில் வந்தவர் கனடாவில் இரண்டு வருடம் கணவனோடோ மனைவியோடோ வாழ்ந்தே ஆக வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அடி வாங்கினாலும் விட்டுப் போனால் வதிவிட உரிமை போய்விடுமோ என்று பயந்து வாழ்ந்த பெண்களை நினைத்து 2017 ஏப்ரலில் அதை எடுத்தீர்கள். அதற்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும். வந்த பிறகு சேர்ந்திருக்கக் கட்டாயப்படுத்துவது சரியில்லை என்று கண்டவர்களுக்கு, வருவதற்கு முன் சேர்ந்திருக்க விடாததும் சரியில்லை என்று விளங்காமல் போகாது.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. 130ஆம் விதியில் குடியுரிமை பெற்றவருக்குக் கொடுத்திருக்கிற விலக்கை நிரந்தர வதிவாளருக்கும் கொடுங்கள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் காலம் மட்டும் மனைவியோடு வெளியே வாழலாம், அனுமதி வந்ததும் இருவரும் கனடாவில் வந்து வாழ வேண்டும் என்று எழுதுங்கள். 730 நாள் கணக்கு இருந்தபடியே இருக்கட்டும், அதில் இடம் இருக்கிறது. இது ஒழுங்குவிதி என்பதால் அமைச்சரவை மாற்றினாலே போதும், புதுச் சட்டம் தேவையில்லை. ஊருக்கு வர முடியாத அகதிக் கணவர்களின் மனைவிமாருக்கு, காத்திருக்கும் காலத்தில் அங்கே வந்து நிற்க விசிற்றர் விசாவைத் தாருங்கள். நிரந்தரமாகக் குடியேற எண்ணம் இருப்பது தற்காலிக விசாவை மறுக்கக் காரணமாகாது என்று 2002இல் நடைமுறைக்கு வந்த உங்கள் குடிவரவுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. குடும்பங்கள் கனடாவில் மீண்டும் ஒன்றுசேர்வது தன் நோக்கங்களில் ஒன்று என்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவிலும் இருக்கிறது.

2016இல் உங்கள் பாராளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. அடுத்த ஜனவரியில் பொங்கல் மேடைகளுக்கு வரும்போது, முன்வரிசையில் தனியாக வந்திருக்கிற இளம் ஆண்களிடம் வீட்டுக்காரி எங்கே என்று ஒருதரம் கேளுங்கள். கேட்டுவிட்டு, 130ஆம் விதியைப் பற்றி அமைச்சரிடம் எழுத்தில் ஒரு கேள்வி வையுங்கள்.

அவர் தருகிற பதிலை எனக்கு அனுப்பி வையுங்கள். ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை. சாவகச்சேரிப் பெண் மறுபடி என்னிடம் வருவாள். அவளுக்கு நான் அதைத் தமிழில் சொல்லுவேன்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்