சுரங்கத்துக்கு மேலே நின்ற ராணுவம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் விட்டுவிடாதே. எங்கள் அண்ணி வலிக்கிறது என்று பாதியில் நிறுத்திவிட்டு இப்போது மாடிப்படி ஏற முடியாமல் கஷ்டப்படுகிறார். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், தகைந்தால் முதல் தகவல் உனக்குத்தான்.

கடிதத்தின் கடைசியில் நீ எழுதியிருந்ததுதான் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாட்டு ஜனங்கள் பிரிந்து நின்று ஒருத்தரை ஒருத்தர் கொல்லும்போது வெளியிலிருந்து ராணுவம் இறங்கினால்தான் பிரச்சினை தீரும், பொஸ்னியாவில் தீரவில்லையா என்று கேட்டிருக்கிறாய். வேறு எந்த நாட்டைச் சொல்லியிருந்தாலும் இரண்டு வரியில் பதில் எழுதியிருப்பேன். பெரியவள் வியன்னாவில் வேலை பார்த்தபோது அவளோடு பொஸ்னியத் தலைநகர் சரயேவோ போய்வந்தது உனக்குத் தெரியும். அங்கே பார்த்ததை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை.

சரயேவோ நகரத்தை 1992 ஏப்ரலில், பொஸ்னியா தனிநாடாவதை எதிர்த்த பொஸ்னியச் செர்பியப் படைகள் சுற்றி வளைத்தன. சுற்றிலும் மலை, மலையெல்லாம் பீரங்கி. ஊருக்கும் வெளியுலகுக்கும் நடுவே மிச்சமிருந்தது விமான நிலையம் மட்டும். அதை ஐ.நா. படை தன் பொறுப்பில் வைத்திருந்தது, நிவாரணப் பொருள் இறக்குவதற்காக. ஓடுபாதையைத் தாண்டிவிட்டால் எதிர்ப்பக்கம் பொஸ்னிய அரசின் கையில் இருந்த இடம். அதனால் ராத்திரியில் ஜனங்கள் அதைக் குறுக்கே ஓடிக் கடக்கப் பார்த்தார்கள். ஐ.நா. சிப்பாய்கள் விளக்கடித்துப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். விமான நிலையத்தை நிவாரணத்துக்கு மட்டும்தான் பயன்படுத்துவோம் என்று செர்பியர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்களாம். அந்த வெளிச்சத்தில் ஆள் தெரிந்ததும் செர்பியர்கள் தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுட்டுத் தள்ளினார்கள்.

அப்புறம்தான் 1993-இல் ஓடுபாதைக்கு அடியில் சுரங்கம் வெட்டினார்கள். சுமார் 800 மீட்டர். உயரம் ஐந்தடி சொச்சம், அகலம் ஒரு ஆள் போகிற அளவு. இப்போது கொஞ்ச தூரம் மட்டும் பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். நான் குனிந்தபடியே நடந்தேன். காலடியில் தள்ளுவண்டிக்குப் போட்ட சின்னத் தண்டவாளம், தலைக்கு மேலே மரச்சட்டம். மாவு மூட்டை, காயம்பட்டவர்கள், துப்பாக்கி, எல்லாம் இந்த வழியாகத்தான் போய்வந்திருக்கின்றன. தலைக்கு மேலே உலகத்தின் ராணுவம் காவல் நிற்கிறது, காக்க வேண்டிய ஜனங்கள் கீழே சேற்றில் போகிறார்கள். வெளியே வந்ததும் மகள் ஏதோ கேட்டாள், எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

ராணுவம் போகாததால்தான் பொஸ்னியா எரிந்தது என்பது சரியில்லை, அதைக் காட்டத்தான் இதை இவ்வளவு விரித்து எழுதினேன். ஐ.நா. ராணுவம் அங்கே இருந்தது. அதன் முதல் தளபதியே நம் நாட்டுக்காரர், லெப்டினன்ட் ஜெனரல் சதீஷ் நம்பியார். 1992 மார்ச்சில் பொறுப்பேற்று ஒரு வருஷம் இருந்தார். அவர் படை போனதே பக்கத்து நாடான குரோவேஷியாவின் போர் நிறுத்தத்தைக் கண்காணிக்க. தலைமையகம் மட்டும் சரயேவோவில். கண்ணெதிரே இன்னொரு போர் வெடித்தபோது அதை அடக்க ஆளும் இல்லை, அதிகாரமும் இல்லை. நடுநிலை நில், தற்காப்புக்கு மட்டும் சுடு என்பதுதான் உத்தரவு. கொல்கிறவனுக்கும் சாகிறவனுக்கும் நடுவே நடுநிலை நின்றால் யாருக்கு லாபம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதன் உச்சம் ஸ்ரெப்ரெனிட்சா. 1993-இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றமே 'பாதுகாக்கப்பட்ட பகுதி' என்று அறிவித்த ஊர். நம்பி அகதிகள் வந்து குவிந்தார்கள். காவலுக்கு இருந்தது சில நூறு டச்சு வீரர்கள், கையில் இலகுரக ஆயுதங்கள். 1995 ஜூலை 11-ஆம் தேதி பொஸ்னியச் செர்பியத் தளபதி மிலாடிச்சின் படை உள்ளே நுழைந்தது. அடுத்த சில நாளில் 8,000-க்கும் அதிகமான முஸ்லிம் ஆண்களையும் பையன்களையும் தனியாகப் பிரித்துக் கொண்டுபோய்க் கொன்றார்கள். வாக்குறுதி கொடுக்காமல் இருந்திருந்தால் அதில் எத்தனையோ பேர் முன்பே தப்பி ஓடியிருப்பார்கள் மாப்ளே. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

நீ சொல்கிற 'தீர்ந்தது' அதற்குப் பிறகு வருகிறது. ஆகஸ்ட் 28-ஆம் தேதி சரயேவோ மார்க்கெட்டில் குண்டு விழுந்து 43 பேர் செத்தார்கள். இரண்டு நாளில் நேட்டோ விமானங்கள் குண்டு போட ஆரம்பித்து மூன்று வாரம் போட்டன. நவம்பரில் அமெரிக்காவில் டேட்டன் விமானப்படைத் தளத்தில் செர்பியாவின் மிலோசெவிச், குரோவேஷியாவின் துஜ்மன், பொஸ்னியாவின் இஸெத்பெகோவிச் என்று மூன்று தலைவர்களையும் உட்கார வைத்து ஒப்பந்தம் முடித்தார் அமெரிக்கத் தூதர் ஹோல்புரூக். குண்டு போட்டதால்தான் வழிக்கு வந்தார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பாதிதான் சரி. அதே சமயத்தில் தரையில் குரோவேஷிய, பொஸ்னியப் படைகள் மேற்கே முன்னேறிக்கொண்டிருந்தன. நாட்டில் சுமார் 70 சதவீதத்தைப் பிடித்து வைத்திருந்த செர்பியர் கையில் பாதிதான் மிஞ்சியது. தோற்கிறவன்தான் பேச வந்தான்.

அந்தக் குண்டுவீச்சு சரியா என்று கேட்டால், சரி. மூன்று வருஷம் முன்னாலேயே நடந்திருக்க வேண்டும். 1,00,000 உயிர் போன பிறகு வந்த புத்தி அது. இந்த இடத்தில் உனக்கும் எனக்கும் சண்டையே இல்லை.

ஆனால் ஒப்பந்தத்தில் என்ன எழுதினார்கள் என்று பார். நாட்டை முஸ்லிம்-குரோவாத் கூட்டமைப்புக்கு 51 சதவீதம், செர்பியர்களின் 'செர்பியக் குடியரசு'க்கு 49 சதவீதம் என்று ஒரே நாட்டுக்குள் இரண்டு பகுதியாகப் பிரித்தார்கள். துப்பாக்கி எங்கே நின்றதோ, கிட்டத்தட்ட அங்கேயே கோடு. ஸ்ரெப்ரெனிட்சா செர்பியக் குடியரசுப் பகுதிக்குள் போய்விட்டது. அங்கே கணவனையும் மகனையும் பறிகொடுத்தவள் திரும்பி வந்தால், அந்தப் படுகொலையை இனப்படுகொலையே இல்லை என்று சொல்கிற தலைவர்களின் ஆட்சியில்தான் இருக்க வேண்டும். ஜனாதிபதி பதவிக்கு மூன்று பேர். ஒருவர் பொஸ்னியாக் (பொஸ்னிய முஸ்லிம்), ஒருவர் குரோவாத், ஒருவர் செர்பியர். யூதரோ, ரோமா என்கிற ஜிப்சி இனத்தவரோ நிற்கவே முடியாது. அது தப்பு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009-இல் தீர்ப்புச் சொல்லியும் அரசியல் சட்டத்தை மாற்றவில்லை. 2004-இல் நேட்டோ கையிலிருந்து பொறுப்பை வாங்கிய ஐரோப்பியப் படை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்துக்குப் பிறகு நேட்டோ 60,000 வீரர்களை இறக்கியது. சண்டை நின்றது, ஆனால் பிரிவினைக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் கார் ஓட்டிப் போக ஜனங்களுக்குத் தைரியம் வரவில்லை. நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும், கல்லடி விழும். 1998-இல், ஒப்பந்தத்தை அமல்படுத்த இருந்த சர்வதேசப் பிரதிநிதி அலுவலகம் நாடு முழுக்க ஒரே மாதிரி பிளேட் கொண்டுவந்தது. லத்தீன் எழுத்திலும் செர்பியர்கள் எழுதுகிற சிரிலிக் எழுத்திலும் ஒரே உருவத்தில் இருக்கிற சில எழுத்துகளை மட்டும் பொறுக்கி எடுத்து அதில் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் சாலையில் வண்டிகள் ஓடத் தொடங்கின. அதேபோல, பறிபோன வீட்டைத் திருப்பிக் கேட்டு வந்த மனுக்கள் சுமார் இரண்டு லட்சம். ஒவ்வொன்றாகப் பத்திரம் பார்த்து, குடியிருந்தவரைக் காலி செய்ய வைத்து, சாவியைக் கொடுத்தார்கள். வருஷக்கணக்கில் குமாஸ்தாக்கள் செய்த வேலை. வெளியே சிப்பாய் நிற்காவிட்டால் அந்தக் குமாஸ்தா உட்கார்ந்திருக்க முடியாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். சிப்பாய் மட்டும் நின்றிருந்தால் ஒரு வீடும் திரும்பியிருக்காது.

பள்ளிக்கூடத்தில் அதுவும் நடக்கவில்லை. சில ஊர்களில் ஒரே கட்டடத்தில் பொஸ்னியாக் பிள்ளைகளுக்கும் குரோவாத் பிள்ளைகளுக்கும் தனித்தனி வாசல், தனித்தனிப் பாடப்புத்தகம். யாய்ட்சே என்ற ஊரில் இப்படி இன்னொரு பள்ளியைப் பிரிக்கப் பார்த்தபோது 2016-இலும் 2017-இலும் மாணவர்களே தெருவில் இறங்கி, நாங்கள் ஒன்றாகத்தான் படிப்போம் என்று போராடி நிறுத்தினார்கள். படித்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நம் பக்கத்திலும் பார்த்தோமே. 1987 ஜூலையில் அமைதி காக்க யாழ்ப்பாணம் போன நம் ராணுவம் அக்டோபரில் புலிகளோடு சண்டை போட்டது. ஜனங்கள் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டார்கள். 1990 மார்ச்சில் கடைசி வீரர்கள் கப்பலேறினார்கள், ஜூனில் அங்கே மறுபடி போர். ஹாஸ்டல் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து நாம் கேட்ட செய்திகள்தானே. லிபியாவில் 2011-இல் கடாஃபியை வீழ்த்தும் வரை குண்டு போட்டவர்கள், அப்புறம் என்ன என்று யோசிக்கவே இல்லை. 2014-க்குள் அங்கே போட்டி அரசாங்கங்கள்.

ஆகவே மாப்ளே, கூட்டம் கூட்டமாகக் கொல்லும்போது தடுக்கப் படை போக வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். போனால் கொல்கிறவனைச் சுடும் அதிகாரத்தோடு போக வேண்டும், இல்லையென்றால் பாதுகாப்புத் தருகிறோம் என்று யாரையும் நம்ப வைக்கக் கூடாது. அதற்குத் தீர்வு என்று பெயர் வைப்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பொஸ்னியாவில் சாவு நின்று முப்பது வருஷமாகிறது, பிரிந்துபோவோம் என்ற செர்பியத் தலைவர்களின் மிரட்டல் நிற்கவில்லை.

நீ எந்த நாட்டை மனசில் வைத்துக்கொண்டு கேட்டாய் என்று எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுது. துப்பாக்கி ஓய்ந்த மறுநாள் அங்கே யார் யார் பேச எதிரெதிரே உட்காருவார்கள், வீட்டைவிட்டு ஓடினவர்கள் எந்தச் சாலை வழியாகத் திரும்புவார்கள், அதையும் யோசித்து எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்